சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையும் குடும்பத்தின் சாப்பாட்டு நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டில் வைத்ததை ஒதுக்குவது, தெரிந்த நான்கைந்து உணவுகளை மட்டும் கேட்பது, புதிதாக எதையும் வாயருகே கொண்டுபோக விடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகிய பழக்கங்களுள்ள குழந்தைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1 வயது முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியவை. பெரியவர்களைப் பற்றிய கேள்வி ஒன்றும் உண்டு.

ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்ட குழந்தை, இரண்டு வயதில் எல்லாவற்றையும் மறுப்பது ஏன்?

இரண்டு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. முதலாவது, வளர்ச்சியின் வேகம் குறைகிறது. பிறக்கும்போது 3 கிலோ எடையுள்ள குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ 9 கிலோவை எட்டிவிடுகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு முழுவதிலும் அது கூடுதலாகப் பெறும் எடை 2 அல்லது 2.5 கிலோ அளவுதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைவது இயற்கை. முதல் ஆண்டின் பசியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டின் தட்டை நிரப்பும் பெற்றோருக்கு, குழந்தை திடீரெனச் சாப்பாட்டையே வெறுத்துவிட்டதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, அறிமுகமில்லாத உணவின்மீது ஏற்படும் அச்சம். நடக்கக் கற்றுக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் தானே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் திறன் வரும் வயதில்தான் இந்த அச்சமும் தலைதூக்குகிறது. 2 வயதிலிருந்து 6 வயது வரை அது மிகுந்திருந்து, பிறகு படிப்படியாகத் தணிகிறது. நச்சுத்தன்மையுள்ள இலையையோ காயையோ தின்றுவிடாமல் காப்பதற்காக மனித இனத்தில் நிலைத்த தற்காப்பு இது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கசப்பான பச்சைக் காய்களும் கீரைகளும் முதலில் மறுக்கப்படுவதும், இனிப்பும் மாவுச்சத்தும் எளிதில் ஏற்கப்படுவதும் இதனோடு பொருந்துகின்றன. ஆகவே இந்த வயதுக் குழந்தையின் மறுப்பைப் பிடிவாதம் என்று மட்டும் பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதியாகும்.

நாங்கள் வளர்த்த விதம்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, புதிய உணவைத் தவிர்க்கும் இயல்பில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் 78 விழுக்காட்டை மரபணுக்களின் வேறுபாட்டோடு தொடர்புபடுத்தியது. கசப்பை உணரும் திறனும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஒரே வேதிப்பொருள் ஒருவருக்குக் கடுங்கசப்பாகவும் இன்னொருவருக்குச் சுவையே அற்றதாகவும் இருப்பது 1931 முதலே அறியப்பட்ட உண்மை. நாம் சாதாரணமாக உண்ணும் காய் குழந்தையின் நாக்கில் வேறுவிதமாகத்தான் படுகிறது என்பதற்கு இது சான்று.

இதனால் மாற்றமே சாத்தியமில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. கூச்ச சுபாவம் பிறவியிலேயே இருந்தாலும் பழக்கத்தால் தளர்வதுபோல, உணவு அச்சமும் பழக்கத்தால் தளரக்கூடியது. ஒரே வீட்டில் ஒரே தாய் தந்தையிடம் வளரும் இரு குழந்தைகளில் ஒன்று எல்லாவற்றையும் உண்பதும் மற்றொன்று பொறுக்கிப் பொறுக்கித் தின்பதும் மிகச் சாதாரணம். அந்த இருவரையும் சாப்பாட்டு வேளையில் ஒப்பிட்டுப் பேசாமல் இருப்பது மட்டும் பெற்றோரின் கடமை.

குழந்தை போதுமான அளவு சாப்பிடுகிறதா என்று எப்படி அறிவது?

ஒரு வேளைத் தட்டைப் பார்த்து அறிய முடியாது. 2 முதல் 5 வயது வரையுள்ள 15 குழந்தைகள் நாள் முழுவதும் உண்டதை அளந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், வேளைக்கு வேளை உட்கொண்ட ஆற்றலின் அளவு சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்கியது. ஆனால் ஒரு முழு நாளின் கணக்கை எடுத்தபோது அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. காலையில் குறைவாக உண்ட குழந்தை மாலையில் தானாகவே ஈடுசெய்துகொண்டது. எனவே ஒரு வாரத்தில் குழந்தை உண்டவற்றை மொத்தமாக எண்ணிப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

அதைவிட நம்பகமான சான்று வளர்ச்சி வரைபடம். எடையும் உயரமும் குழந்தையின் சொந்தக் கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால், அந்தக் கோடு வரைபடத்தின் நடுவில் இருந்தாலும் கீழ்ப்பகுதியில் இருந்தாலும், உணவின் அளவு பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். ஒல்லியான பெற்றோரின் குழந்தை ஒல்லியாக இருப்பது குறைபாடு அன்று. பரிமாறும் அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது: ஒவ்வோர் உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற தோராயக் கணக்கின்படி 2 வயதுக் குழந்தைக்கு வேகவைத்த காயில் 2 மேசைக்கரண்டி போதும். பெரியவரின் அளவில் குவித்து வைத்த தட்டைப் பார்த்தே மலைத்துப்போகும் குழந்தைகள் உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் எதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், எதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் மற்ற விடைகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அமெரிக்க உணவியல் வல்லுநரும் குடும்ப ஆலோசகருமான எலின் சாட்டர் 1980களில் வகுத்துக் கொடுத்த பொறுப்புப் பகிர்வு இன்றும் குழந்தை நல வல்லுநர்கள் பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்ற மூன்றையும் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். அப்படி வைக்கப்பட்டதில் உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்ற இரண்டையும் குழந்தை முடிவு செய்கிறது. பெற்றோர் தம் மூன்றைக் கைவிட்டால், குழந்தை கேட்டதை எல்லாம் கேட்ட நேரத்தில் கொடுக்கும் நிலை வருகிறது. குழந்தையின் இரண்டையும் பறித்துக்கொண்டால் ஊட்டுதல், கெஞ்சுதல், மிரட்டுதல் என்று ஒவ்வொரு வேளையும் போராட்டமாகிறது. வீட்டுச் சிக்கல்களை உற்றுப் பார்த்தால், அநேகமாக இவ்விரு எல்லைகளில் ஒன்று மீறப்பட்டிருக்கும். பல வீடுகளில் இரண்டுமே மீறப்பட்டிருக்கும்.

அளவைக் குழந்தையிடம் விடுவது ஆபத்தில்லையா என்ற அச்சம் நியாயமானது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதைத்தான் சோதித்துப் பார்த்து, முதல் முடிவுகளை 1928இலும் தொகுப்பை 1939இலும் வெளியிட்டார். பால்குடி மறக்கும் பருவத்திலிருந்த 15 குழந்தைகளின் முன்னே உணவு வகைகள் வைக்கப்பட்டன. யாரும் ஊட்டவில்லை, பரிந்துரைக்கவில்லை, புகழவில்லை. குழந்தைகள் விரும்பியதை விரும்பிய அளவில் எடுத்துக்கொண்டன. சில வேளைகளில் அவற்றின் தேர்வு பெரியவர்களைத் திகைக்க வைக்கும் அளவுக்கு ஒருதலையாக இருந்தது. ஆயினும் மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் இந்த ஆய்வைப் பாதி மட்டும் எடுத்துச் சொல்வது தவறு. அங்கே வைக்கப்பட்ட 34 வகைகளும் காய், கனி, தானியம், இறைச்சி, முட்டை, பால் போன்ற இயற்கையான உணவுகள். சர்க்கரையோ பதப்படுத்திய தின்பண்டமோ அவற்றில் இல்லை. எதை வைப்பது என்ற முடிவைப் பெரியவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டதால்தான், எவ்வளவு என்ற முடிவைக் குழந்தைகளிடம் விட முடிந்தது என்பதை டேவிஸே வலியுறுத்தினார்.

அப்படி விட்டுவிட்டால், பிடித்ததை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடாதா?

தொடக்கத்தில் அப்படித்தான் நடக்கும், அதை அனுமதிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் குழந்தை வழக்கமாக ஏற்கும் உணவு ஒன்றாவது இருக்கும்படி திட்டமிடுங்கள். அது வெறும் சோறாகவோ ரொட்டியாகவோ பழமாகவோ இருக்கலாம். அதனோடு குடும்பத்தார் அனைவரும் உண்ணும் மற்ற உணவுகளும் பாத்திரங்களில் நடுவே இருக்கட்டும். குழந்தை முதல் சில வாரங்களுக்கு அந்த ஒன்றையே தின்னலாம். ஆனால் பட்டினி கிடக்க நேராது என்ற உறுதி கிடைத்தபின், பக்கத்தில் இருக்கும் மற்றவற்றை நோக்கும் துணிவு அதற்கு வருகிறது. பிடித்த உணவே இல்லாத தட்டை முன்னால் வைத்து, பசி வந்தால் தின்னட்டும் என்று காத்திருப்பது அச்சத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

ஓர் எச்சரிக்கை: அந்தப் பிடித்த உணவு எல்லையின்றி நிரப்பப்பட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் வேண்டும் என்று சொல்லிப் பங்கிட்டுக்கொள்வது நியாயமே. அப்போது ஏற்படும் சிறு ஏமாற்றத்தைக் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

"ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்துவது தவறா?

வற்புறுத்தல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதன் விளைவு எதிர்மாறாகவே இருக்கக் கண்டிருக்கிறார்கள். பள்ளி செல்லும் முன்னுள்ள குழந்தைகளுக்கு இருவகைச் சூப்புகளைப் பரிமாறி, ஒன்றை மட்டும் முடிக்கும்படி சொல்லிக்கொண்டே இருந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சொல்லிக்கொண்டே இருந்த சூப்பைக் குழந்தைகள் குறைவாகவே குடித்தன. அதைப் பற்றிக் குறை சொன்னதும் அதிகம். கல்லூரி மாணவர்களிடம் சிறு வயது நினைவுகளைக் கேட்டறிந்த வேறோர் ஆய்வில், கட்டாயப்படுத்தித் தின்ன வைக்கப்பட்ட உணவைப் பெரும்பாலோர் வளர்ந்த பின்னரும் தொடுவதில்லை என்று கூறினர்.

இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பதற்றமான நிலையில் உடல் பசியை அடக்கிவிடுகிறது. மேலும், பரிசோ மிரட்டலோ இல்லாமல் உண்ண முடியாத பொருள் நல்ல பொருளாக இருக்காது என்ற முடிவுக்குக் குழந்தை தானே வந்துவிடுகிறது. சுவைத்துப் பார்க்கச் சொல்லி ஒருமுறை அழைப்பது வேறு. மறுத்த பின்னும் கரண்டியோடு துரத்துவது வேறு. அழைக்கலாம், மறுத்தால் சரி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம். வாயைத் திறக்க வைத்துத் திணிப்பதையும் மூக்கைப் பிடித்து ஊட்டுவதையும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது. அது மூச்சடைப்புக்கு வழிவகுக்கும், நம்பிக்கையையும் குலைக்கும்.

காயைத் தின்றால் இனிப்புத் தருகிறேன் என்று சொல்லலாமா?

வேண்டாம். லீயான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பால் பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மீது இருந்த விருப்பம் குறைந்துபோனது. காய் என்பது கடக்க வேண்டிய தண்டனை, இனிப்பு என்பது அதற்குப் பின் கிடைக்கும் செல்வம் என்ற வரிசையை நாமே குழந்தையின் மனத்தில் எழுதிவிடுகிறோம். இனிப்பு தருவதாக இருந்தால் சிறு அளவில், என்ன தின்றது என்பதைப் பொருட்படுத்தாமல், சில வேளைகளில் சாப்பாட்டோடேயே வைத்துவிடுவது மேல்.

உணவல்லாத சிறு பரிசுகளின் நிலை சற்று வேறானது. குழந்தைக்குப் பிடிக்காத காயில் மிகச் சிறு துண்டைச் சுவைத்தால் ஒட்டுப்படம் ஒன்று தருவது என்ற முறையைச் சோதித்த ஆய்வுகளில், விருப்பம் குறையாமல் கூடியது காணப்பட்டது. பரிசு எதற்கு என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது: தட்டைக் காலி செய்வதற்காக அன்றி, நாவில் வைத்துப் பார்க்கும் துணிவுக்காக அது தரப்படுகிறது. இதையும் சாப்பாட்டு வேளைக்கு வெளியே, குழந்தையின் சம்மதத்தோடு, ஓரிரு வாரங்களுக்கு மட்டும் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு புதிய உணவை எத்தனை முறை கொடுத்த பிறகு குழந்தைக்குப் பிடிக்காது என்று முடிவு செய்யலாம்?

பெரும்பாலான பெற்றோர் மூன்று முதல் ஐந்து முறைக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். ஆய்வுகளோ 8 முதல் 15 முறை வரை சுவைத்த பிறகே விருப்பம் தோன்றத் தொடங்குவதைக் காட்டுகின்றன. அச்சம் மிகுந்த குழந்தைகளுக்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை விரும்பாத காய் ஒன்றைப் பெற்றோர் 14 நாட்கள் நாள்தோறும் சிறிதளவு சுவைக்கக் கொடுத்தபோது, விருப்பமும் உண்ட அளவும் கூடின. அதே காலத்தில் சத்துணவு அறிவுரை மட்டும் பெற்ற குடும்பங்களில் அந்த அளவு மாற்றம் ஏற்படவில்லை.

இங்கே முறை என்பது ஒரு கிண்ணம் நிறைய என்ற பொருளில் அல்ல. பட்டாணி அளவு போதும். வாய்க்குள் போவதற்கு முன்பே பல படிகள் இருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் காய் வீட்டுக்குள் வருவதைப் பார்ப்பது, கழுவுவது, அது நறுக்கப்படும்போது மணத்தை உணர்வது, மற்றவர் உண்பதைப் பார்ப்பது, அது தன் தட்டின் ஓரத்தில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது, விரலால் தொடுவது, நக்குவது, கடித்துத் துப்புவது ஆகிய ஒவ்வொன்றும் முன்னேற்றமே. முதலில் தட்டிலிருந்து காயைத் தூக்கி எறிந்த குழந்தை இப்போது ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறது என்றால், பெற்றோருக்குத் தோல்வியாகத் தெரிந்தாலும் குழந்தை பாதித் தொலைவைக் கடந்துவிட்டது. காகிதக் கைக்குட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பிடிக்காவிட்டால் அதில் துப்பிவிடலாம் என்று சொல்லிக் கொடுப்பது பல குழந்தைகளைத் துணிய வைக்கிறது. வெளியேற வழி இருப்பது தெரிந்தால் உள்ளே நுழைய அச்சம் குறையும்.

ஒரே காயை ஒரே விதத்தில் திரும்பத் திரும்ப வைப்பதைவிட, பச்சையாக, வேகவைத்து, வறுத்து, துருவி, சூப்பாக என்று வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம். சுவையைவிட மென்மையும் கடினமும்தான் பல குழந்தைகளுக்குச் சிக்கலாக இருக்கின்றன. ஒருமுறைக்கு ஒரு புதுமை போதும். ஏற்கெனவே பிடித்த உணவுக்கு மிக நெருக்கமான ஒன்றிலிருந்து தொடங்குவது எளிது. வறுத்த உருளைக்கிழங்கை விரும்பும் குழந்தைக்கு அதே வடிவில் வறுத்த கேரட்டும், பிறகு மசித்த கிழங்கும் அறிமுகமாகலாம்.

காய்கறியை அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா?

சத்துக்காகச் செய்யலாம், அதனால் உண்ணும் காயின் அளவு கூடுவது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காயை விரும்பக் கற்றுக்கொள்ள முடியாது. எனவே மறைத்துக் கொடுக்கும் நாளிலும் அதே காய் தன் உருவத்தோடு தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். குழந்தை கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டதைக் கண்டுபிடிக்கும் குழந்தை, அதுவரை நம்பி உண்ட உணவையும் சேர்த்து விட்டுவிடுவது உண்டு.

திரையைக் காட்டினால்தான் வாய் திறக்கிறது. என்ன செய்வது?

திரையில் லயித்திருக்கும் குழந்தை தான் என்ன உண்கிறது, வயிறு நிறைந்ததா என்பவற்றைக் கவனிப்பதில்லை. அன்றைக்குத் தட்டு காலியாகலாம். ஆனால் அந்த உணவோடு குழந்தைக்கு எந்தப் பழக்கமும் ஏற்படுவதில்லை. ஒரே நாளில் நிறுத்துவது கடினமாக இருந்தால், நாளின் அமைதியான ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள். அந்த வேளையில் பெரியவர்களின் கைபேசிகளும் எட்ட இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் குழந்தை மிகக் குறைவாகவே உண்ணும். அதற்கு மனத்தளவில் ஆயத்தமாக இருப்பது அவசியம். 20 முதல் 30 நிமிடங்களில் சாப்பாட்டை முடித்துவிடுவது இருவருக்கும் நல்லது. ஒரு மணி நேரம் நீளும் ஊட்டலில் கடைசி அரை மணியில் உள்ளே போவது மிகச் சொற்பம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டியிருக்கிறது. இதிலிருந்து எப்படி விடுபடுவது?

மறுத்தவுடன் எழுந்து வேறொன்று சமைத்துக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மறுப்பு என்பது விருப்ப உணவை வரவழைக்கும் வழி என்று குழந்தை கற்றுக்கொள்வது அங்கேதான். முன்னரே திட்டமிட்டு, ஒரே சமையலைப் பிரித்துப் பரிமாறுவது உதவும். காரம் சேர்க்கும் முன் குழந்தைக்கு எடுத்து வைப்பது, குழம்பையும் காயையும் கலக்காமல் தனித்தனியாக வைப்பது போன்றவை தனிச் சமையல் ஆகா. அவற்றைச் செய்வதில் தயக்கம் வேண்டாம்.

சமைப்பவரின் உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். அக்கறையோடு ஆக்கி வைத்தது தீண்டப்படாமல் திரும்பும்போது மனம் நோவது இயல்பே. புதிய உணவை மிகச் சிறிதளவு மட்டும் குழந்தைக்கு வைப்பதும், மீதியை வீட்டார் விரும்பி உண்பதும் அந்த நோவைக் குறைக்கும், வீணாவதும் குறையும்.

பாலும் நொறுக்குத் தீனியும் கொடுத்தாவது வயிற்றை நிரப்பலாமா?

சாப்பாட்டு வேளையில் பசி இல்லாமல் போவதற்கு மிகப் பொதுவான காரணங்கள் இவ்விரண்டும்தான். 1 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பால் போதுமானது. அதைவிட மிகுதியாக, முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வரும் வாய்ப்புக் கூடுகிறது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கிறது. வயிற்றை நிரப்பி மற்ற உணவுகளுக்கும் இடமில்லாமல் செய்கிறது. இரத்தசோகை வந்தபின் பசி மேலும் மந்தமாகிறது, குழந்தை மேலும் பாலையே நாடுகிறது. சாப்பிடவில்லையே என்று பால் கொடுப்பதும், பால் குடித்ததால் சாப்பிடாமல் இருப்பதும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும் இந்தச் சுழலை உடைத்தாலே பல வீடுகளில் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது.

மூன்று வேளை உணவும், இடையே இரண்டு அல்லது மூன்று சிறு உணவுகளும், அவற்றுக்கு நடுவில் 2 முதல் 3 மணி நேர இடைவெளியும் என்ற ஒழுங்கு பெரும்பாலான சிறு குழந்தைகளுக்குப் பொருந்தும். இடைவெளியில் தண்ணீர் மட்டும் போதும். சிறு உணவு என்பது பழம், முட்டை, தயிர் போன்ற உணவாகவே இருக்கட்டும். மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். பாலை மிகுதியாகவும் நார்ச்சத்தைக் குறைவாகவும் உண்ணும் குழந்தைகளிடம் அது சாதாரணமாகக் காணப்படுகிறது, ஆனால் யாரும் விசாரிப்பதில்லை.

மசித்தால் உண்ணும் குழந்தை, கட்டியாக எது வந்தாலும் துப்பிவிடுகிறது. ஏன்?

மெல்லுவது கற்றுக்கொள்ள வேண்டிய திறன். 6 மாதத்தில் மசித்த உணவோடு தொடங்கி, 9 மாதத்துக்குள் சிறு கட்டிகள் உள்ள உணவுக்கு மாறிய குழந்தைகளைக் காட்டிலும், 10 மாதத்துக்குப் பிறகே மாறிய குழந்தைகளிடம் பின்னாளில் உணவுச் சிக்கல்கள் மிகுதி என்று பிரிட்டனில் நீண்ட காலம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தக் காலம் கடந்துவிட்டிருந்தால், மசிப்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மென்மையாக வெந்த, விரல் நீளத் துண்டுகளைக் குழந்தையே பிடித்துக் கடிக்கட்டும். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, கெட்டியான மிட்டாய் ஆகியவற்றைத் தரக் கூடாது. விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ திணறினாலோ வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாங்கள் ஒரு முறையைப் பின்பற்றினால், தாத்தா பாட்டி வேறு முறையைப் பின்பற்றுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

ஊட்டுவது அவர்களுக்கு அன்பின் வெளிப்பாடு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களைத் திருத்த முயல்வதைவிட, அந்த அன்புக்கு வேறு வேலை கொடுப்பது பயன் தரும். குழந்தையோடு அமர்ந்து அதே உணவைத் தாமும் உண்ணும்படி கேட்டுக்கொள்ளுங்கள். 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள், அருகிலிருக்கும் பெரியவர் வேறு எதையோ உண்ணும்போதைவிட, தம் முன்னால் இருக்கும் அதே புதிய உணவை உண்ணும்போதுதான் அதைச் சுவைக்க முன்வருகின்றன என்று 2005இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒப்புக்கொள்ள வேண்டிய விதிகள் மிகச் சில போதும்: சாப்பாட்டுக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் தின்பண்டம் இல்லை, குழந்தையின் காதுபட "இவன் எதையும் தின்ன மாட்டான்" என்று சொல்வதில்லை. இரண்டாவது விதியை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். தன்னைப் பற்றி நாள்தோறும் கேட்பதைக் குழந்தை தன் இயல்பாகவே ஏற்றுக்கொண்டுவிடும்.

பொறுக்கித் தின்பவர் பெரியவராகவே இருந்தால்?

அவர் உண்ணாததைப் பற்றிக் கேலி வேண்டாம்; அவரும் குழந்தையின் முன் உணவைப் பழிக்க வேண்டாம். "எனக்கு இன்னும் பழகவில்லை" என்று சொன்னால் போதும். இதுவரை நன்றாக உண்டுவந்த முதியவர் திடீரெனத் தேர்ந்து உண்ணத் தொடங்கினால், பல் வலி, சில மருந்துகள், சுவையுணர்வில் ஏற்படும் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவர் ஆராய வேண்டும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

எடை குறைந்தாலோ பல மாதங்கள் ஏறாமல் நின்றாலோ, வளர்ச்சிக் கோடு தொடர்ந்து கீழ்நோக்கி இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை ஏற்கும் உணவுகளின் பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கி, விட்டுப்போனவை திரும்பி வராமல் இருந்தால், அல்லது காய், பழம், புரத உணவு போன்ற ஒரு பிரிவு முழுவதையும் ஒதுக்கினால், அதுவும் காட்ட வேண்டிய நிலையே. விழுங்கும்போது வலி, அடிக்கடி வாந்தி, வெளிறிய முகம், எப்போதும் அயர்வு, மண் அல்லது சுண்ணாம்பு தின்னும் பழக்கம் ஆகியவை உடல்நலக் குறைபாட்டின் அறிகுறிகள். பழமும் காயும் முற்றிலும் இல்லாத உணவில் வைட்டமின் சி குறைந்து, ஈறில் இரத்தம் கசிவதும், கால் வலியால் குழந்தை நடக்க மறுப்பதும் இன்றும் காணப்படுகின்றன.

உணவின் மணம், நிறம், தொடுகை ஆகியவற்றில் மிகையான கூச்சம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படுகிறது. அவர்களுக்குப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர், செயல்முறைச் சிகிச்சையாளர் ஆகியோரின் உதவி தேவைப்படலாம். உடல் எடையையோ தோற்றத்தையோ பற்றிய கவலை காரணமாக இல்லாமல், அச்சத்தாலோ கூச்சத்தாலோ ஆர்வமின்மையாலோ உணவைத் தவிர்த்து, அதனால் உடல்நலமோ அன்றாட வாழ்வோ பாதிக்கப்படும் நிலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தனி நோயாகவே வரையறுத்தது. ஆகவே வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது. உங்களுக்கு ஐயம் இருந்தால், ஒரு வாரம் குழந்தை உண்டதையும் குடித்ததையும் அளவோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் குறைவு.

இவற்றையெல்லாம் செய்தால் எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

சாப்பாட்டு வேளையின் பதற்றம் ஓரிரு வாரங்களில் குறையலாம். உண்ணும் வகைகள் கூடுவதற்கு மாதங்கள் ஆகும். கெஞ்சலும் துரத்தலும் நின்ற முதல் வாரத்தில், குழந்தை முன்பைவிடக் குறைவாக உண்டு உங்கள் உறுதியைச் சோதிப்பது மிகப் பொதுவானது. எடை நன்றாக உள்ள, நோயற்ற குழந்தையாக இருந்தால் அந்த வாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், பல் முளைத்தல், பயணம், தம்பி தங்கை பிறப்பு போன்ற காலங்களில் பழைய நிலை சில நாட்கள் திரும்பி வரும். அப்போது புதிய உணவுகளை நிறுத்தி வைத்துவிட்டு, வேளை ஒழுங்கை மட்டும் விடாமல் காப்பாற்றிக்கொண்டு, குழந்தை தேறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.